தரையில் வைத்த கைக்கோடாலி

என் வயசுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கோடாலி வாங்கப் போனால் தனியாகப் போகாதீர்கள். கூட ஒரு ஆள் இருந்தால் கடைக்காரர் கேட்பதற்கெல்லாம் அவர் பதில் சொல்லிவிடுவார். தனியாகப் போனால் நாமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் நான் தனியாகத்தான் போனேன். மகன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மஞ்சக்குட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு துண்டு நிலம் உண்டு. இரண்டு மழைக்கு நான் அதைப் பார்க்காமல் விட்டதில் உண்ணிச்செடி மண்டி, குளியலறைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. நடுநடுவே கை பருமனுக்கு மரங்களும் முளைத்திருக்கின்றன. பாம்பு வரும். காட்டெருமை வந்து மறைவில் நின்றாலும் தெரியாது. வெயில் காலத்தில் யாராவது பீடியைப் போட்டால் சுவரோடு எரியும். இத்தனையையும் போனில் சொன்னால் மகன் சிரிக்கிறான்.

"மிஷின் வெச்சு வெட்டறவங்களக் கூப்புடுங்கம்மா. காத்தால வந்தா மத்தியானம் போயிருவாங்க."

வந்து போய்விடுவார்கள். வெட்டுகிறபோது தண்ணீர்க் குழாயையும் சேர்த்து வெட்டிவிட்டால்? முன்பின் தெரியாத ஆள் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனால்? அதைவிட, ஒரு கைக்கோடாலி வாங்கித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நானே வெட்டலாம் என்று பட்டது. பையில் போட்டு எடுத்துப் போகிற அளவில் ஒன்று. அவ்வளவுதான் என் தேவை.

ஏற்காட்டில் ரவுண்டானாவைத் தாண்டி ஒரு இரும்புக் கடை இருக்கிறது. கடையில் சின்னப் பையன், நல்ல பையன். மேசை மேல் வரிசையாக எடுத்து வைத்தான். பிளாஸ்டிக் பிடி போட்டது, ரப்பர் சுற்றியது, வெட்டும் பக்கத்துக்கு உறை போட்டது. மரக் காம்பு போட்டதும் இரண்டு இருந்தன.

"யாருக்குங்கம்மா? பேரனுக்குங்களா? கேம்ப் போறவங்கல்லாம் இதத்தான் வாங்கறாங்க."

மரக் காம்பு போட்டதில் நடுத்தரமான ஒன்றை வலது கையால் தூக்கினேன். மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. தோளில் சுருக்கென்று பிடித்தது. கொஞ்ச நாளாகவே அந்தத் தோள் அப்படித்தான் இருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொண்டு, கனத்தைப் பார்க்கிறவள் மாதிரி அதன் பின்பக்கத்தை மேசையில் மெல்லத் தட்டினேன்.

தட்டிய கை என்னுடையதாகவே தெரியவில்லை. இதே மாதிரி இடது கையில் பிடித்து, இதே மாதிரி தட்டிக் காட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் அந்தக் கை ஏன் இடது கையாக இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்தக் கோடையைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் தலைச்சோலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அப்பா நிழல் மரம் கவாத்து செய்கிறவர். காப்பிச் செடிக்கு மேலே நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆட்கள் கூடியதும், வேலை பிரித்துக் கொடுக்கிற ரைட்டர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார். தோளில் பெரிய கோடாலி இருந்தால் மரத்துக்கு. கொடுவாள் இருந்தால் புதர் வெட்ட. வெறுங்கையோடு வந்த கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நாற்றுப் பட்டறைக்கு, பையில் மண் நிரப்ப. பெரிய கோடாலிக்காரர்கள் முன்னால் நிற்பார்கள். டீக்கடையிலும் அவர்களுக்குத்தான் முதல் டம்ளர். அப்பா எப்போதும் முன்னால் நின்றவர்.

அந்த வருஷம் மிளகு பறிக்கிறபோது அவர் மரத்திலிருந்து விழுந்தார். வலது தோளில் அடி. கீழே சேலத்துப் பக்கம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, முற்றத்தில் படுத்துக் கிடந்தார். கட்டைப் பிரித்த அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று, "செரியாயிருச்சு," என்றார். சரியாகிவிட்டது என்று அப்பாவே சொன்ன பிறகு எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. ஐந்தாம் வகுப்பு முடியப் போகிற சமயம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் கிடையாது. ஆறாவதுக்கு ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போக வேண்டும். டீச்சர் வீடு வரைக்கும் வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"நல்லாப் படிக்கற புள்ள. ஆறாவதுல சேத்திருங்க, விட்றாதீங்க."

"சேத்தாம இருப்பனுங்களா," என்றார் அப்பா.

அம்மா பழைய காக்கித் துணியில் எனக்கு ஒரு புத்தகப் பை தைத்தாள். நீலப் பட்டை வைத்தது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பேன். கூடவே பயமும் நடக்கும். பஸ்ஸில் இடம் தெரியாமல் இறங்கிவிட்டால்? இங்கிலீஷில் கேட்டால்? ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டே சொன்னேன்: "எனக்கு பயமா இருக்குதுங்கப்பா." அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ரொம்ப வருஷம் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அப்பா என்னை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். பைக்குள் போட நோட்டு வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். இரும்புக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரருக்கு அப்பாவை நன்றாகத் தெரியும்.

"வாங்க வாங்க. மரத்துலருந்து உளுந்துட்டீங்கன்னு சொன்னாங்க. ஒடம்பு தேவலைங்களா?"

"அதெல்லாம் எப்பவோ தேவலைங்க. முன்னால ஆளு நிக்கறனே, தெரியலீங்களா?"

"பெருசுல ஒண்ணு நொம்ப நல்லா வந்திருக்குது. உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கறன்."

"பெருசு இருக்குதுங்க. கைக்கோடாலி இருந்தாக் காட்டுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "கைக்கோடாலியா? நீங்களா? ஏனுங்க, ஊட்டுல அடுப்புக்குச் சுள்ளி ஒடைக்கறீங்களா?"

கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்து எஸ்டேட் ஆள். "உளுந்ததுல ஆளு சுருங்கிட்டாரு போல. கோடாலியும் சுருங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் என் தலைமேல் கையை வைத்தார்.

"எனக்கில்லீங்க. பாப்பாவுக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. வாங்க வந்தது எனக்கா!

கடைக்காரர் சாக்கை விரித்துப் போட, அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். காம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். ஒன்றில் மரத்தின் நரம்பு குறுக்கே ஓடியது, ஒதுக்கினார். ஒன்று ரொம்ப லேசு. "உண்ணிச்செடி துள்ளற செடி. எடையில்லாட்டி கோடாலிய எத்தி உட்டுரும்," என்றார். காம்பு ஒரேயடியாகக் குட்டையானதும் ஆகாது, தவறினால் நேரே முழங்காலுக்கு வரும். கடைசியில் ஒன்றை இடது கையில் எடுத்து, பின்பக்கத்தைத் தரையில் தட்டினார். கணீரென்றது. அப்படியே கீழே வைத்தார். எங்கள் வீட்டில் இரும்பைக் கையிலிருந்து கைக்குத் தர மாட்டார்கள். தந்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எடு கண்ணு."

எடுத்தேன். புதுக் காம்பில் ஆமணக்கெண்ணெய் வாசம். கனந்தான், ஆனாலும் தூக்க முடிந்தது.

"செரி, இதே இருக்கட்டுங்க," என்றார்.

நோட்டு வாங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து எஸ்டேட் ஆளும் எங்களோடு ஏறி, வழியெல்லாம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்: "பாப்பா இந்த வருஷம் வேலைக்கு எறங்குதாமா." அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

எஸ்டேட்டின் கீழ்க் கடைசியில், சேலம் தெரிகிற சரிவில், வெகுகாலமாகக் காடாக விட்டிருந்த ஒரு துண்டு இருந்தது. மழைக்கு முன்னால் அதை வெட்டிச் சுத்தம் செய்தால் புது நாற்று வைப்பார்கள். அந்த வேலையை அப்பா தனியாகக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டார். மரத்து வேலைக்காரர் இதை ஏன் எடுத்தார் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். "பாப்பாவப் பழக்கோணும்ல," என்றாராம்.

தினமும் விடிந்ததும் கிளம்புவோம். அப்பாவின் இடது தோளில் பெரிய கோடாலி. கைக்கோடாலி என்னிடம்.

"ரோட்டுல வெளிய தெரிய வேண்டாம் சாமி. பைக்குள்ள போட்டுக்க."

வேறு பை ஏது? நீலப் பட்டை வைத்த காக்கிப் பைதான். அதில் கோடாலியும், மேலே சோற்றுத் தூக்குப்போசியும். ஒரு வாரம் போவதற்குள் பையின் அடியைக் கோடாலி கிழித்துவிட்டது. அம்மா சாக்குத் துண்டு வைத்துத் தைத்தாள். தைக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

சரிவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது. பெரிய கோடாலியை அப்பா ஒரு பாறையில் சாய்த்து வைத்துவிடுவார். "இந்தச் செடிக்கெல்லாம் அத எறக்கறதில்ல. அது மரத்துக்கு," என்பார். கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு மேல் பக்கம் போய்விடுவார். முதுகு மட்டும் தெரியும். வெட்டிப் போட்டதை நான் இழுத்துக் கும்பல் போடுவேன். அவர் ஓய்ந்ததும் கோடாலியைத் தரையில் வைப்பார். நான் எடுத்துக் கீழ்ப் பக்கம் வெட்டுவேன். உண்ணிச்செடியை வெட்டினால் ஒரு நெடி கிளம்பும், பார்த்திருப்பீர்கள். மூக்கில் ஏறி, சோற்றிலும் அதே நெடி அடிக்கும். மத்தியானம் பனி மாதிரி வெயில் ஆவி எழும்பும். கீழே சேலம் வெள்ளையாக, சத்தமில்லாமல் கிடக்கும். அத்தனை ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள், ஒருவருக்கும் நான் இங்கே இருப்பது தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் போனார்கள். மேளச் சத்தம் சரிவு வரைக்கும் கேட்டது. என்னோடு படித்த பிள்ளைகள் ஒரு ஜீப்பில் நின்றுகொண்டு கத்தினார்கள்.

"கோடாலிக்காரி! வர்றியாடீ?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜீப்பு வளைவில் போய்ச் சத்தம் அடங்கும் வரைக்கும் நின்றேன்.

அதற்கப்புறம் ஒருநாள் கோடாலி என் காலில் பட்டது. அப்பா சொன்ன மாதிரியேதான்: செடி துள்ளி, கோடாலி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆழமில்லை, ஆனால் ரத்தம். நான் கத்தினேன். அப்பா சரிந்துகொண்டே ஓடி வந்தார். துண்டைக் கிழித்துப் பல்லாலும் இடது கையாலும் கட்டினார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். தூக்கிக்கொண்டு போகச் சொல்லி.

அவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். அப்புறம் நிமிர்ந்துவிட்டார்.

"நடந்து வா சாமி. நடந்தாத்தான் ரத்தம் நிக்கும்."

மேட்டில் நொண்டிக்கொண்டே ஏறினேன். அவர் முன்னால் போனார், பெரிய கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு. கோடாலியைத் தூக்குகிறவருக்கு என்னைத் தூக்க முடியவில்லையா? வீட்டுக்கு வந்ததும் அம்மா காயத்தில் காப்பித் தூளை வைத்து அழுத்தினாள். எரிச்சலில் அழுகிறேன் என்று நினைத்தாள். நான் அழுதது வேறொன்றுக்கு.

அன்றைக்கு அடுப்படியில் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது.

"ஏனுங்க, ரைட்டருகிட்டச் சொல்லிப் போடலாமுங்களா?"

"என்னன்னு சொல்றது? பட்டறையில மண்ணு ரொப்பறேன்னா?"

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போகுதுங்க."

"அதுக்குள்ள முடிஞ்சுரும்."

முடியவில்லை. ரைட்டர் ஒருநாள் பார்க்க வந்தார். ஜீப் சத்தம் கேட்டதுமே அப்பா கைக்கோடாலியை என் காலடியில் வைத்துவிட்டு, பாறைக்கு ஓடிப் பெரியதை எடுத்துக்கொண்டார். ரைட்டர் சரிவைப் பார்த்தார். ஒரு காட்டு மரத்தைக் காட்டினார்.

"இது ஏன் இன்னும் நிக்குது? ஒரு போடு போடுங்க, பாக்கலாம்."

அப்பா பெரிய கோடாலியை இரண்டு கையாலும் ஓங்கினார். அது தலைக்கு மேல் போகவில்லை. மார்பு உயரத்திலேயே திரும்பிக் கோணலாக மரத்தில் இறங்கியது. பட்டை பெயர்ந்தது, அவ்வளவுதான்.

"மரத்துல முடிச்சுங்க," என்றார் அப்பா. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

ரைட்டர் அவரையே பார்த்தார். அப்புறம் என்னையும், என் கையிலிருந்ததையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். "பாப்பா நல்லா வெட்டுது போலருக்கே. கூடவே வரட்டும், கூலிக் கணக்குல பேரச் சேத்திக்கறேன்," என்றார். இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பார். அப்பா, "ஆகட்டுங்க," என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த நாள் மழை தூறியது. அம்மா எனக்குத் தலைவாரி ரிப்பன் கட்டிவிட்டாள். பையைத் துவைத்துக் காய வைத்திருந்தாள். சாக்குத் துண்டு போட்ட இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. டீச்சர் ரோட்டு வளைவில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தார், பஸ் ஏற்றிவிட. நான் வாசலுக்கு வந்தேன்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். இடது தோளில் பெரிய கோடாலி. வலது கை சும்மா தொங்கியது. போகாதே என்று அவர் சொல்லவில்லை. வேலைக்கு வா என்றும் சொல்லவில்லை. கைக்கோடாலியை நிலைப்படிக்கு முன்னால், தரையில் வைத்திருந்தார். வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அம்மாவும் காத்திருந்தாள். தூரத்தில் பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. நின்றது. கிளம்பியது. அந்தச் சத்தம் போன பிறகு குனிந்து கோடாலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வளைவில் டீச்சர் குடையோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய தலையோடு நான் அவரைத் தாண்டிப் போனேன்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் இல்லை. ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று சோற்றுக்கு முன்னால் சொன்னேனே, அதனால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பயந்த பிள்ளை, எதற்கு அனுப்புவானேன் என்று நினைத்துவிட்டார்! அதிலிருந்து எதைப் பற்றியும் பயம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். பயப்படுவது மட்டும் நிற்கவில்லை. காலில் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், தூக்காமல் நிமிர்ந்த அந்த முதுகு ஞாபகம் வரும். நான் அவருக்கு வேண்டாத பிள்ளை போல என்று கல்யாணமாகிப் போகும் வரைக்கும் நினைத்திருந்தேன். பிறகும்.

சில வருஷம் கழித்து அப்பா நாற்றுப் பட்டறைக்கே போய்விட்டார். கிழவர்களோடு உட்கார்ந்து பையில் மண் நிரப்பினார், இடது கையால். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். கைக்கோடாலி லைன் வீட்டைக் காலி செய்கிறபோது எங்கோ போயிற்று. காக்கிப் பையும் போயிற்று. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே.

கடையில் நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பையன் கொஞ்சம் பயந்துவிட்டான்.

"அம்மா, உக்காருங்க. தண்ணி தரட்டுங்களா? யாருக்குன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன நானே எடுத்துத் தருவேன்."

கடைக்கு வெளியே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேரனுக்கு என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பேரனுக்கு என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை.

"எனக்குத்தான் கண்ணு," என்றேன். "சோத்தாங்கைப் பக்கம் தோள் வேல செய்யல. பெருசு தூக்க முடியாது. சின்னதாப் பாத்துக் குடு."

அவ்வளவுதான். சொல்லி முடிந்துவிட்டது. டீ குடித்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையன், "அதுக்கென்னங்கம்மா," என்று சொல்லிவிட்டு, மரக் காம்பு போட்டதில் சின்னதை எடுத்து என் கைக்கு நீட்டினான்.

"கீழ வெய்யி," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் வைத்தான். நான் இடது கையால் எடுத்துக்கொண்டேன்.